பாடசாலையிலிருந்து போர்க்களம் வரை: யப்பான் சென்ற பாதை

யப்பான் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? வீதியில் ஓடும் வேன், வீட்டின் மூலையிலுள்ள தையல் இயந்திரம், வாப்பா காலத்து வானொலிப் பெட்டி என்று பலவும் நினைவுக்கு வரலாம். நேரந்தவறாமை, சுத்தம், கடும் உழைப்பு ஆகியவற்றுக்கு உதாரணம் சொல்ல வேண்டுமாயின் நாம் அந்த நாட்டையே காட்டுகின்றோம்.

ஆனால் இதே நாடுதான் 1931 முதல் 1945 வரையான காலப்பகுதியில் சீனாவையும் தென்கிழக்காசியாவையும் இரத்தத்தில் தோய்த்தது. கோடிக்கு மேற்பட்ட சீன மக்களின் உயிரைக் குடித்த யுத்தம் அது. யப்பானியரிலும் ஏறத்தாழ 31 இலட்சம் பேர் மாண்டனர். நமது நாடும் தப்பவில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பின் மீதும், 9ஆம் திகதி திருகோணமலை மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டதும் அந்த 9ஆம் திகதியிலேதான்.

இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கின்றது. அன்றைய யப்பானியர் படிப்பறிவற்ற மக்கள் அல்லர். அங்கு கட்டாயக் கல்வி இருந்தது. பல்கலைக்கழகங்கள் இருந்தன. தேர்தலும் பாராளுமன்றமும் இலட்சக்கணக்கில் விற்பனையாகும் நாளேடுகளும் இருந்தன. அவ்வாறிருந்தும் முழுத் தேசமே எவ்வாறு இப்படியொரு பாதையில் சென்றது? ஒரு சில இராணுவத் தளபதிகளின் பேராசை என்று சொல்லிவிட்டு இதனைக் கடந்து செல்ல முடியாது. பாடசாலையும் பத்திரிகையும் வீடும் சேர்ந்துதான் அப்பாதையை அமைத்தன. பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

அச்சத்தில் பிறந்த தேசியம்

1853ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி போர்க்கப்பல்களுடன் வந்து, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அடைத்திருந்த யப்பானின் கதவைத் தட்டினார். தொடர்ந்து மேலைத்தேய வல்லரசுகள் தமக்குச் சாதகமான உடன்படிக்கைகளை யப்பான் மீது திணித்தன. இந்தியா பிரித்தானியாவிடமும் இந்தோனேசியா ஒல்லாந்தரிடமும் அகப்பட்டிருந்த காலம் அது. பலமற்ற நாடு அடிமையாகும் என்ற பயம் யப்பானியத் தலைவர்களை ஆட்டிப்படைத்தது. 1868இல் மேய்ஜி சக்கரவர்த்தியின் பெயரால் புதிய ஆட்சி ஏற்பட்டபோது, "செல்வமுள்ள நாடு, பலமுள்ள படை" என்பதே அதன் தாரக மந்திரமாயிற்று.

இந்தப் பயம் நியாயமற்றதென்று யாரும் கூற முடியாது. எனினும் அடிமையாகாதிருக்க விரும்பிய யப்பான், பிறரை அடிமையாக்குவதே அதற்கு வழியென முடிவு செய்தது. 1894-95இல் சீனாவைத் தோற்கடித்து தாய்வானைக் கைப்பற்றியது. 1904-05இல் ரஷ்யாவைத் தோற்கடித்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடு ஒன்று வென்ற செய்தி கேட்டு ஆசியா முழுவதும் மகிழ்ந்தது. எகிப்தின் தேசியத் தலைவர் முஸ்தபா காமில் யப்பானைப் பாராட்டி 1904இல் "உதய சூரியன்" என்ற கருத்துடைய பெயரில் ஒரு நூலே எழுதினார். ஆனால் அந்த வெற்றியின் மறுபக்கத்தைக் கொரியர்கள் கண்டார்கள். 1910இல் கொரியா யப்பானுடன் இணைக்கப்பட்டது. 1919 மார்ச் 1ஆம் திகதி சுதந்திரம் கோரி வீதிக்கு வந்த கொரிய மக்கள் கொடூரமாக அடக்கப்பட்டனர். பிற்காலத்தில் அவர்களுடைய மொழி பாடசாலைகளிலிருந்து அகற்றப்பட்டது. 1940 முதல் யப்பானியப் பெயர்களைச் சூட்டிக்கொள்ளுமாறும் அவர்கள் நெருக்கப்பட்டனர்.

இதற்கிடையில் மேலைநாடுகளும் யப்பானின் புண்ணில் வேல் பாய்ச்சின. முதலாம் உலக யுத்தத்தின் பின் 1919இல் பாரிஸில் கூடிய சமாதான மாநாட்டில், இனங்கள் சமம் என்ற வாசகத்தைச் சேர்க்குமாறு யப்பான் கேட்டது. அது நிராகரிக்கப்பட்டது. 1924இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி யப்பானியரின் குடியேற்றத்தை முற்றாகத் தடுத்தது. "நம்மை எவரும் மதிக்கவில்லை" என்ற மனக்குறை தீவிரவாதிகளுக்கு நல்ல மூலதனமாயிற்று.

வகுப்பறையில் விதைத்த விதை

1890இல் சக்கரவர்த்தியின் பெயரால் கல்வி பற்றிய அரச கட்டளை ஒன்று வெளியிடப்பட்டது. வெறும் 315 எழுத்துக்களைக் கொண்டது அது. பெற்றோருக்குக் கீழ்ப்படிதல், உடன்பிறந்தோரிடம் அன்பு, நட்பில் உண்மை என நல்ல விடயங்கள்தாம் அதில் அதிகம். ஆனால் அவையனைத்தும் ஒரு இடத்தில் சென்று முடிந்தன. ஆபத்து வரும்போது அரசுக்காகத் தைரியமாக உன்னை ஒப்படைத்துவிடு என்பதே அந்த இடம்.

இக்கட்டளையின் பிரதியும் சக்கரவர்த்தியின் உருவப்படமும் பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டன. விசேட தினங்களில் அதிபர் வெள்ளைக் கையுறை அணிந்து கட்டளையை வாசிப்பார். மாணவர்கள் தலைகுனிந்து நிற்பர். பின்னர் படத்தையும் கட்டளையையும் வைப்பதற்கென்றே பாடசாலை வளவுகளில் சிறு கட்டடங்கள் எழுந்தன. பிள்ளைகள் அவற்றைக் கடக்கும்போது வணங்கிச் செல்ல வேண்டும். பாடசாலை தீப்பற்றிய வேளைகளில் அந்தப் படத்தைக் காப்பாற்ற நெருப்புக்குள் சென்று உயிரிழந்த ஆசிரியர்களும் இருந்தனர்.

மறுத்தவர்களும் இருக்கவே செய்தனர். 1891இல் உச்சிமுரா கன்ஸோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர், கட்டளையில் இருந்த சக்கரவர்த்தியின் கையொப்பத்திற்குப் போதிய அளவு குனியவில்லை என்பதற்காகத் தொழிலை இழந்தார். ஒரு மனிதன் எவ்வளவு குனிகின்றான் என்பதை வைத்து அவனது நாட்டுப்பற்றை அளக்கும் வழக்கம் அப்போதே ஆரம்பமாகிவிட்டது.

1903 முதல் ஆரம்பப் பாடசாலை நூல்களை அரசே அச்சிட்டது. 1933இல் வெளிவந்த முதலாம் வகுப்பு வாசிப்பு நூலின் முதற் பக்கங்களில் செர்ரிப் பூ மலர்கின்றது. சில பக்கங்கள் தள்ளிச் சிப்பாய்கள் அணிவகுத்துச் செல்கின்றனர். ஆறு வயதுக் குழந்தை பூவையும் படையையும் ஒன்றாகவே வாசிக்கப் பழகியது. 1937இல் கல்வி அமைச்சு "தேசத்தின் அடிப்படைத் தத்துவங்கள்" என்ற கருத்துப்பட ஒரு நூலை வெளியிட்டு நாடெங்கும் பரப்பியது. தனிமனிதனுக்கென்று தனியானதொரு பெறுமதி உண்டு என்பது மேலைத்தேய நோய், சக்கரவர்த்தியிடம் தன்னைக் கரைத்துக்கொள்வதே உண்மையான வாழ்வு என்பது அதன் சாரம்.

ஒரே வருடத்தில் இரண்டு சட்டங்கள்

1920களின் யப்பானில் வேறு வழியொன்றும் திறந்துதான் இருந்தது. கட்சிகள் ஆட்சி அமைத்தன. தொழிற்சங்கங்கள் தோன்றின. 1925இல் 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அதே வருடத்தில் அமைதி காக்கும் சட்டம் என்ற பெயரில் மற்றுமொரு சட்டமும் நிறைவேறியது. நாட்டின் அரசமைப்பை மாற்ற முயல்வோரையும் தனியார் சொத்துரிமையை மறுப்போரையும் அது தண்டித்தது. முதலில் கம்யூனிஸ்டுகள் பிடிபட்டனர். அவர்கள்மீது அனுதாபம் இல்லாத மக்கள் வாளாவிருந்தனர். பின்னர் அதே சட்டம் தொழிற்சங்கவாதிகள், பேராசிரியர்கள், மதக் குழுவினர் எனப் பலர் மீதும் பாய்ந்தது.

அரசியலமைப்பிலும் ஓர் ஓட்டை இருந்தது. 1889ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி தரைப்படைக்கும் கடற்படைக்கும் கட்டளையிடும் அதிகாரம் சக்கரவர்த்திக்கே உரியது. எனவே படைகள் பிரதமருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தளபதிகள் வாதிட்டனர். 1930இல் பிரதமர் ஹமகுச்சி, கடற்படையைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்படிக்கையை ஏற்றபோது, சக்கரவர்த்தியின் உரிமையில் கைவைத்தார் என்று குற்றஞ் சாட்டப்பட்டது. அவ்வருடம் நவம்பர் மாதம் டோக்கியோ புகையிரத நிலையத்தில் ஒரு தீவிரவாத இளைஞன் அவரைச் சுட்டான். அக்காயத்தினால் மறுவருடம் அவர் மரணமானார்.

பட்டுப்பூச்சியும் பசியும்

வெறும் வயிற்றுக்குத் தீவிரவாதம் எளிதில் செரிக்கும். அன்றைய யப்பானிய விவசாயக் குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பட்டுப்பூச்சி வளர்த்தே கையில் காசு கண்டன. அந்தப் பட்டின் பெரும்பகுதி அமெரிக்கப் பெண்களின் உடைகளுக்குச் சென்றது. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்ததும் பட்டின் விலை மறுவருடத்திற்குள் ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. அரிசி விலையும் சரிந்தது. 1931இலும் 1934இலும் வடகிழக்குப் பிரதேசத்தில் பயிர்கள் கருகின. கடனை அடைக்க வழியின்றித் தமது பெண் பிள்ளைகளையே விலைபேசிக் கொடுக்கும் நிலைக்கு அங்கு பல குடும்பங்கள் தள்ளப்பட்டன.

படையிலிருந்த சிப்பாய்கள் பலர் இந்தக் கிராமங்களின் பிள்ளைகளே. தங்கை விற்கப்பட்ட செய்தியைச் சிப்பாய் கண்ணீருடன் சொல்லக் கேட்ட இளம் அதிகாரிகள் கொதித்தனர். அரசியல்வாதிகளும் பெரும் கம்பனிகளும் நாட்டைத் தின்கின்றன என்பது அவர்களின் கோபம். கோபத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் தேடிய பரிகாரமோ துப்பாக்கியும் மஞ்சூரியாவுமாக இருந்தது.

யப்பானுக்கு நிலம் போதாது, மஞ்சூரியாவே அதன் உயிர்நாடி என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் 1921லேயே இஷிபாஷி தன்ஸான் என்ற பத்திரிகையாளர் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். கொரியா, தாய்வான், மஞ்சூரியாவின் தென் முனையிலுள்ள யப்பானியப் பகுதி ஆகிய மூன்றுடனும் சேர்த்து நடக்கும் வர்த்தகத்தை விட அமெரிக்காவுடன் மாத்திரம் நடக்கும் வர்த்தகம் பெரியது. எனவே குடியேற்றங்களை விட்டுவிடுவதே இலாபம் என்பது அவரது முடிவு. அன்று அதற்குச் செவிசாய்ப்பார் அதிகமில்லை. அதே இஷிபாஷி 1956இல் யப்பானின் பிரதமரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு பொய்யில் தொடங்கிய யுத்தம்

1931 செப்டெம்பர் 18ஆம் திகதி இரவு மஞ்சூரியாவின் முக்டென் நகருக்கருகே யப்பானியப் புகையிரதப் பாதையில் ஒரு சிறு குண்டு வெடித்தது. சேதம் மிகச் சொற்பம். சீனரே இதனைச் செய்தனர் என்று கூறி, அங்கிருந்த யப்பானியப் படை உடனே தாக்குதலில் இறங்கியது. உண்மையில் குண்டு வைத்தவர்கள் யப்பானிய அதிகாரிகளே. இதகாகி சேய்ஷிரோ, இஷிவாரா கன்ஜி ஆகிய இருவரும் சதியின் சூத்திரதாரிகள். டோக்கியோவிலிருந்த அரசாங்கம் மோதலைப் பெருக்க வேண்டாமென்றது. படை செவிமடுக்கவில்லை. சில மாதங்களில் மஞ்சூரியா முழுவதும் கைப்பற்றப்பட்டு, 1932 மார்ச்சில் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசு நிறுவப்பட்டது.

கட்டளையை மீறிய அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்களா? இல்லை. அவர்களுக்குப் பதவி உயர்வுகள் கிடைத்தன. பத்திரிகைகளோ விசேட பதிப்புகளை வெளியிட்டு வெற்றி முழக்கமிட்டன. அதுவரை இராணுவத்தை விமர்சித்துவந்த ஏடுகளும் தொனியை மாற்றின. யுத்தச் செய்தி விற்பனையைப் பெருக்கும் என்பதைப் பத்திரிகை முதலாளிகள் கண்டுகொண்டனர். 1932 பெப்ரவரியில் ஷங்காயில் குண்டுடன் உயிரிழந்த மூன்று சிப்பாய்களைப் பற்றிப் பாட்டுக்களும் திரைப்படங்களும் நாடகங்களும் குவிந்தன. அரசாங்கம் கட்டாயப்படுத்தும் முன்னரே ஊடகங்கள் இதில் முந்திக்கொண்டன.

சர்வதேச சங்கம் ஆணைக்குழு அனுப்பி விசாரித்தது. 1933 பெப்ரவரியில் 42 நாடுகள் யப்பானின் செயலுக்கு எதிராக வாக்களித்தன. யப்பானுக்குக் கிடைத்தது அதன் சொந்த வாக்கு மாத்திரமே. அதன் பிரதிநிதி மத்சுவோகா சபையை விட்டு வெளியேறினார். நாடு திரும்பியபோது மக்கள் அவரை வீரனாக வரவேற்றனர்.

கொலைகாரர்கள் வீரர்களான கதை

1932 மே 15ஆம் திகதி இளம் கடற்படை அதிகாரிகள் சிலர் பிரதமர் இனுகாய் சுயோஷியின் வாசஸ்தலத்தினுள் புகுந்தனர். அவருக்கு வயது 76. உட்கார்ந்து பேசுவோம், பேசினால் விளங்கும் என்று அவர் கூறினார். அவர்கள் சுட்டுக் கொன்றனர்.

இதன் பின் நடந்ததே மிகவும் சிந்திக்கத்தக்கது. வழக்கு விசாரணையில் கொலையாளிகள் தமது தூய நாட்டுப்பற்றைப் பற்றி நீண்ட உரைகள் நிகழ்த்தினர். பத்திரிகைகள் அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரசுரித்தன. கருணை காட்டுமாறு இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுக்கள் நீதிமன்றத்தில் குவிந்தன. சிலர் தமது இரத்தத்தினால் கையொப்பமிட்டனர். ஒருவருக்கேனும் மரண தண்டனை வழங்கப்படவில்லை. சுட்டவர்களும் சில வருடங்களில் வெளியே வந்தனர். நோக்கம் தூய்மையானதென்றால் கொலையும் மன்னிக்கத்தக்கதே என்ற செய்தி தேசத்தின் காதில் விழுந்தது. இனுகாயின் பின்னர், யுத்தம் முடியும் வரை எந்தக் கட்சித் தலைவரும் கட்சி ஆட்சி அமைக்கவில்லை.

1936 பெப்ரவரி 26ஆம் திகதி இளம் அதிகாரிகள் 1,400க்கும் மேற்பட்ட படையினருடன் பனி மூடிய டோக்கியோவின் மத்திய பகுதியைக் கைப்பற்றினர். படைச் செலவைக் குறைக்க முயன்ற நிதியமைச்சர் தகாஹஷி உட்படப் பலர் கொல்லப்பட்டனர். இம்முறை சக்கரவர்த்தி கோபமுற்று அடக்குமாறு பணித்தார். கிளர்ச்சி நான்காம் நாள் முடிந்தது. ஆனால் இலாபம் அடைந்தது இராணுவத் தலைமையே. மீண்டும் இப்படி நடக்கக் கூடாதாயின் நாம் சொல்வதைக் கேளுங்கள் என்பது அவர்களின் வாதமாயிற்று. சேவையிலிருக்கும் தளபதிகளே படைத்துறை அமைச்சர்களாக வேண்டும் என்ற பழைய விதி திரும்பவும் வந்தது. தமக்குப் பிடிக்காத பிரதமருக்கு அமைச்சரைக் கொடுக்க மறுத்தால் அரசாங்கமே அமையாது. 1937 ஜனவரியில் ஜெனரல் உகாகி அமைக்கவிருந்த அரசாங்கம் இவ்வாறே தடுக்கப்பட்டது.

பேசிய சிலர்

வாசகர்களே, எல்லோரும் வாய்மூடி இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

1933 ஓகஸ்ட்டில் கிரியு யுயு என்ற பத்திரிகை ஆசிரியர், டோக்கியோவில் நடந்த விமானத் தாக்குதல் தற்காப்புப் பயிற்சியை விமர்சித்து ஆசிரியத் தலையங்கம் எழுதினார். எதிரியின் விமானங்கள் தலைநகருக்கு மேல் வந்துவிட்டால் அதுவே தோல்விதான், மரவீடுகள் நிறைந்த நகரம் சாம்பலாகிவிடும் என்றார். அவர் பத்திரிகையிலிருந்து விலக்கப்பட்டார். 1945 மார்ச் 10ஆம் திகதி இரவு அமெரிக்க விமானங்களின் தீக்குண்டுகளால் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் எரிந்து மாண்டனர்.

1935இல் பேராசிரியர் மினோபே தத்சுகிச்சி தாக்கப்பட்டார். சக்கரவர்த்தி அரசின் ஓர் உறுப்பே என்ற அவரது சட்டக் கோட்பாடு பல வருடங்களாகப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்பட்டு வந்த ஒன்று. திடீரென அது தேசத்துரோகமாகியது. நூல்கள் தடைசெய்யப்பட்டன. அவர் பிரபுக்கள் சபைப் பதவியைத் துறந்தார்.

1940 பெப்ரவரியில் சைத்தோ தகாவோ என்ற பாராளுமன்ற உறுப்பினர் எழுந்து, சீனாவில் நடக்கும் இந்த யுத்தம் எதற்காக, எப்போது முடியும் என்று கேட்டார். புனித யுத்தம் என்ற அழகிய சொல்லின் பின்னால் மக்களின் தியாகம் மறைக்கப்படுகின்றது என்றார். சபை அவரை வெளியேற்றியது. அதற்கு எதிராக வாக்களித்தவர்கள் ஏழு பேர் மாத்திரமே. ஆனால் 1942 தேர்தலில் அரசாங்கத்தின் அங்கீகாரம் இல்லாதிருந்தும், ஹியோகோ மாகாணத்திலுள்ள அவரது தொகுதி மக்கள் அவரைத் திரும்பவும் தெரிவுசெய்தனர். அவர் கேட்ட கேள்வி பல வீடுகளில் மெதுவான குரலில் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வந்த யுத்தம்

1937 ஜூலை 7ஆம் திகதி பீக்கிங் நகருக்கருகே ஏற்பட்ட சிறு மோதல் சீனாவுடன் முழு யுத்தமாக வெடித்தது. டிசெம்பர் 13ஆம் திகதி நான்கிங் வீழ்ந்தது. அதன் பின் வந்த வாரங்களில் அங்கு கொல்லப்பட்டோர் இரண்டு இலட்சத்திற்கும் அதிகம் என்று பின்னர் டோக்கியோ யுத்தக் குற்ற நீதிமன்றம் மதிப்பிட்டது. பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகளை இங்கு விபரிக்க எழுதுகோல் கூசுகின்றது. அதே வேளையில் டோக்கியோ வீதிகளில் நான்கிங் வெற்றிக்காக மக்கள் விளக்குகள் ஏந்தி ஊர்வலம் சென்றனர்.

வீடுகளில் என்ன நடந்தது? தாய்மார் தெருமுனைகளில் நின்று, போகும் வரும் பெண்களிடம் ஒவ்வொரு தையல் வேண்டி, ஆயிரம் பெண்களின் தையலுடன் மகனுக்கு ஓர் இடுப்புத்துணி செய்து அனுப்பினர். அது அவனைக் காக்கும் என்பது நம்பிக்கை. வெள்ளை ஏப்ரன் அணிந்த தேசப் பாதுகாப்பு மாதர் சங்கத்தினர் துறைமுகங்களிலும் புகையிரத நிலையங்களிலும் சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பினர். வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்களில் பலருக்கு வெளியே வந்து நாலுபேருடன் பழகக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. ஆகவே ஆர்வத்துடன் சேர்ந்தனர். அவர்களின் தாய்ப்பாசத்தையே அரசு யுத்தத்திற்கான எரிபொருளாக்கியது.

1940 முதல் ஏறத்தாழப் பத்து வீடுகள் கொண்ட அயலவர் குழுக்கள் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டன. பங்கீட்டு உணவு இக்குழு மூலமே கிடைத்தது. யுத்தத்தைப் பற்றி முணுமுணுக்கும் வீட்டை அயல்வீடு கவனித்தது. அதே வருடத்தில் கட்சிகள் யாவும் தாமாகவே கலைந்து ஒரே அரச அமைப்பினுள் சங்கமித்தன.

வறிய விவசாயிகளுக்கோ மஞ்சூரியாவில் நிலம் தருவதாக ஆசை காட்டப்பட்டது. சென்றவர்கள் சுமார் 2,70,000 பேர். அவர்களுக்குக் கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி சீன, கொரிய விவசாயிகளிடமிருந்து அற்ப விலைக்குப் பறிக்கப்பட்டது. 1945 ஓகஸ்ட்டில் சோவியத் படைகள் பாய்ந்தபோது யப்பானிய இராணுவம் இவர்களைக் கைவிட்டுப் பின்வாங்கியது. சுமார் 80,000 பேர் அங்கேயே மடிந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமாவர்.

எண்ணெயும் முடிவும்

சீனாவை வெல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் திணறிய யப்பான், 1940 செப்டெம்பரில் ஹிட்லரின் ஜேர்மனியுடனும் இத்தாலியுடனும் கூட்டுச் சேர்ந்தது. 1941 ஜூலையில் தென் இந்தோசீனாவினுள் படைகளை இறக்கியது. அமெரிக்கா உடனே எண்ணெய் விற்பனையை நிறுத்தியது. யப்பானின் எண்ணெயில் ஏறத்தாழ 80 வீதம் அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, சீனாவிலிருந்து வெளியேறுவது. மற்றையது, இந்தோனேசிய எண்ணெயைப் பறிப்பதற்காக உலகத்துடன் மோதுவது.

1941 கோடையில் அரசாங்கமே அமைத்த ஆய்வு நிலையமொன்றில் இளம் உத்தியோகத்தர்கள் கணக்கிட்டுப் பார்த்து, அமெரிக்காவுடன் யுத்தம் செய்தால் தோல்வி நிச்சயம் என்று அறிக்கை கொடுத்தனர். யுத்த அமைச்சராயிருந்த தோஜோ, உண்மையான யுத்தம் காகிதக் கணக்குப்படி நடப்பதில்லை என்று தள்ளிவிட்டார். ஒக்டோபரில் அவரே பிரதமரானார். டிசெம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. இத்தனை இலட்சம் பேர் மாண்ட பின்னர் சீனாவிலிருந்து எப்படித் திரும்புவது என்பது அவர்களின் வாதம். செத்தவர்களின் பெயரால் இன்னும் பலரைச் சாகவிட்டனர்.

முஸ்லிம்களுக்கு நீட்டிய கை

நமது வாசகர்களில் பலரும் அறிந்திராத ஓர் அத்தியாயம் இது. யப்பானியத் தீவிரவாதிகள் முஸ்லிம் உலகின் மீது மிகுந்த அக்கறை காட்டினர். 1938 மே மாதம் டோக்கியோவில் ஓர் அழகிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ரஷ்யாவிலிருந்து அகதிகளாக வந்த தாத்தாரிய முஸ்லிம்களுக்கு அது உண்மையான தேவை. ஆனால் திறப்பு விழாவில் முன்வரிசையில் நின்றவர் தீவிர தேசியவாதிகளின் மூத்த தலைவர் தோயாமா மித்சுரு. அவ்வருடமே பெரிய யப்பான் முஸ்லிம் சங்கம் என்ற அமைப்பும் தோன்றியது. 1932ஆம் ஆண்டுச் சதியில் தொடர்புபட்டுச் சிறை சென்ற ஒகாவா ஷுமேய் என்ற தீவிரவாதச் சிந்தனையாளர் இஸ்லாம் பற்றி 1942இல் நூல் எழுதினார். யுத்தத்தின் பின் அல்குர்ஆனை யப்பானிய மொழியில் பெயர்த்தும் வெளியிட்டார்.

அன்பின் உண்மை ஜாவாவில் வெளிப்பட்டது. 1942 மார்ச்சில் ஒல்லாந்தர் சரணடைந்தபோது பல இந்தோனேசியர்கள் யப்பானியரை விடுதலையாளர்களாக எண்ணி வரவேற்றனர். ஆனால் வந்தவர்கள், கூட்டங்களில் டோக்கியோவின் திசை நோக்கி ருகூஉவைப் போன்று குனிய வேண்டுமென்று பணித்தனர். மக்கள் கிப்லாவை நோக்கி நிற்கும் திசை அதுவன்று. நஹ்ததுல் உலமா இயக்கத்தின் ஸ்தாபகர் ஷெய்க் ஹாஷிம் அஷ்அரி அவ்வருடமே கைது செய்யப்பட்டுச் சில மாதங்கள் சிறையிலிருந்தார். 1943இல் பண்டுங் நகரில் நடந்த உலமாக்கள் கூட்டத்தில் மேற்குச் சுமாத்திராவின் மூத்த ஆலிம் அப்துல் கரீம் அம்ருல்லாஹ் எல்லோரும் குனிந்தபோது குனியாமல் இருந்தார். உலமாக்களின் எதிர்ப்பு பலமாகவே, பின்னர் இவ்விடயத்தில் யப்பானியர் சற்று இறங்கிவந்தனர். ஆயினும் இலட்சக்கணக்கான ஜாவா விவசாயிகள் கூலிகளாகப் பிடிக்கப்பட்டனர். பலர் வீடு திரும்பவேயில்லை. 1944-45இல் பஞ்சம் வந்தது.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை அமைக்கப்பட்டபோது 12,000க்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகள் இறந்தனர். அதனைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இறந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். கொரியாவிலும் ஏனைய நாடுகளிலும் இளம் பெண்கள் ஏமாற்றப்பட்டும் பலவந்தமாகவும் படையினரின் விடுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1991இல் கிம் ஹாக்-சுன் என்ற கொரிய மூதாட்டி தன் பெயரைக் கூறிப் பகிரங்கமாகச் சாட்சியம் சொல்லும் வரை உலகம் அதனைப் பெரிதாகப் பேசவில்லை. "ஆசியா ஆசியருக்கே" என்ற சுலோகத்தின் கீழ் நடந்தவை இவை.

மை பூசிய பக்கங்கள்

1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவும் 9ஆம் திகதி நாகசாகியும் அணுகுண்டினால் அழிந்தன. 15ஆம் திகதி சக்கரவர்த்தியின் குரலை மக்கள் முதன்முறையாக வானொலியில் கேட்டனர். யுத்தம் முடிந்தது.

அந்த வருட இறுதிப் பகுதியில் பாடசாலைகள் தொடங்கியபோது புதிய நூல்கள் இல்லை. ஆகவே ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் தூரிகையும் கறுப்பு மையும் எடுக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் இத்தனையாம் வரியிலிருந்து இத்தனையாம் வரி வரை பூசுங்கள் என்றார்கள். நேற்றுவரை மனனமிட்டு ஒப்புவிக்க வைத்த பாடங்களை, அதே ஆசிரியரின் வாயால், அழிக்கச் சொல்லிக் கேட்ட அந்தத் தலைமுறையினர் பலர் பிற்காலத்தில் அதை மறக்கவேயில்லை. 1948இல் பாராளுமன்றம் கல்விக் கட்டளையைச் செல்லுபடியற்றதாக்கியது.

1951இல் சான்பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் பிரதிநிதியாகச் சென்ற ஜே. ஆர். ஜயவர்தன, பகைமை பகைமையினால் தணிவதில்லை என்ற புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, யப்பானிடம் நஷ்டஈடு கோரப்போவதில்லை என்று அறிவித்தார். யப்பானியர் அதனை இன்றும் நன்றியுடன் நினைவுகூருகின்றனர். மன்னிப்பது சிறப்புத்தான். ஆனால் மன்னிப்பதற்கும் மறப்பதற்கும் வேறுபாடு உண்டு.

வாசகர்களே! யப்பானியர் பிறவியிலேயே கொடியவர்களாக இருந்திருந்தால் இந்த வரலாறு நமக்குத் தேவைப்பட்டிராது. அவர்கள் நம்மைப் போன்றே பிள்ளைகளை நேசித்தார்கள், பெரியோரை மதித்தார்கள், நாட்டை விரும்பினார்கள். தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை நினைத்துக் கொதித்தார்கள். அந்தக் கொதிப்புக்கு வழிகாட்ட வந்தவர்களிடம், நாம் பிறருக்கு இழைப்பது என்ன என்று கேட்கத் தவறினார்கள். கேட்ட சிலரையும் காப்பாற்றவில்லை. நமது பிள்ளைகளின் பாடநூலில் நமது சமூகத்தைப் பற்றியும் அடுத்த சமூகத்தைப் பற்றியும் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று நாம் எப்போதாவது திறந்து பார்த்திருக்கின்றோமா? நமக்குப் பிடித்த ஒருவன் பிடிக்காத ஒருவனுக்கு அநியாயம் செய்யும்போது நமது வீட்டில் என்ன பேசப்படுகின்றது? பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள். இன்றிரவு சாப்பாட்டு வேளையிலேனும் அவர்களுடன் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.